லிஃப்ட் கிட் இருக்கட்டும், முதலில் துருவைப் பார்ப்போம்

வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப். 1298 சிசி பெட்ரோல், கார்புரேட்டர் எஞ்சின். மண்டபம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் உழைத்துவிட்டு, இரண்டு கை மாறி மதுரை நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து என் ஷெட்டில் நிற்கிறது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று அண்டர்கோட்டிங். விற்றவர் அதைத்தான் பெருமையாகக் குனிந்து காட்டினார். எனக்கு அதுதான் உறுத்தியது. கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு அடியில் புதுப் பூச்சு என்றால், அது எதை மூடியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் வாங்கினேன்.

திட்டம் பெரிதுதான். வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தும் லிஃப்ட், 235/75 ஆர்15 டயர், பிற்பாடு முன்னால், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் ஒரு வின்ச். பட்டறை அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "டயரை அப்புறம் வாங்கலாம் தம்பி. மொதல்ல அதை மாட்ட இரும்பு இருக்கான்னு பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. நாம் ஆசைப்பட்டு மாட்டுகிற ஒவ்வொன்றும் போய் உட்காருவது துரு பிடிக்கிற இடத்தில்தான். லிஃப்ட் என்றால் ஸ்பிரிங் பட்டைகள் மாறும். அந்தப் பட்டைகள் தொங்குவது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வெல்டு வைத்த ஷாக்கிள் ஹேங்கரில். பட்டையின் நுனியை ஹேங்கரோடு சேர்க்கும் துண்டுதான் ஷாக்கிள்; அதை நீளமாக்கினால் ஹேங்கர் மேல் விழும் நெம்பு கூடும். 9,500 பவுண்டு வின்ச் என்றால் ஏறக்குறைய 4,300 கிலோ இழுவை. ஒரு டன் எடையை ஒட்டிய வண்டியின் முன்பக்கச் சட்டம் அதைத் தாங்கியாக வேண்டும். இப்போதுள்ள 205/70 டயரிலிருந்து 235/75-க்குப் போனால் டயரின் விட்டம் 65 மில்லிமீட்டர் கூடுகிறது. அதற்கு வழி விட மட்கார்டின் உள் ஓரத்தைத் தொட வேண்டிவரும். இரண்டு தகடு மடிந்து சேருகிற இடம் அது, துரு முதலில் குடியேறுவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, தயாரித்தவர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான கிராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. அதனால் எதை மாட்டலாம், எதைக் கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. துரு எடுப்பதற்கு அந்த வில்லங்கம் எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான்: சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கட்டிங் மெஷினையோ வெல்டிங்கையோ கொண்டுபோகக் கூடாது. அந்த இடத்தை போட்டோ எடுத்து, கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், சின்ன சுத்தியல், முனை தேய்ந்த ஸ்குரூ டிரைவர் போதும். காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பிடிப்பு தளர்கிற இடத்தில், பள்ளத்தை நிரப்பும் பட்டி கனமாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் வண்டியில் பின் சக்கர வளைவுக்கு மேலே இரண்டு பக்கமும் காந்தம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அடுத்தது சுத்தியல். நல்ல இரும்பு 'டங்' என்று திருப்பிச் சொல்லும். உள்ளே அரித்துப்போனது 'தொப்' என்று அடங்கிவிடும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் மீதியை அதுவே சொல்லிவிடும். வாங்குவதற்கு முன் யாராவது உங்களை இப்படிக் குத்திப் பார்க்கவிட்டால், அந்த ஆள் நல்லவர்.

அண்டர்கோட்டிங்கை வயர் பிரஷ் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். உருகி, இழுபட்டு, எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். ஹீட் கன் வைத்து இளக்கி, பட்டி தேய்க்கும் தகட்டால் வழித்தெடுத்து, மீதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பதுதான் வழி. அலுப்பான வேலை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே தள்ளி வைத்த பிறகுதான் இதில் கை வைக்க வேண்டும்.

டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் மேட்டையும் அதன் கீழிருந்த ஜமுக்காளத்துண்டு ஒன்றையும் தூக்கியதும் கவிச்சி வாடை. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டி. பட்டியைத் தட்டி எடுத்தால் ரிவெட் அடித்த தகடு. ரிவெட்டைத் துளைத்துத் தகட்டைத் திருப்பினேன். அது 15 கிலோ எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகடு. மஞ்சள் பெயின்டில் கடலைப் படம் பாதி, 'சுத்தமான' என்ற எழுத்து முழுசாக. அதற்கும் வண்டியின் நிஜத் தரைக்கும் நடுவே ஈரமான துருப்பொடி கைப்பிடி அளவு. நிஜத் தரை என்று அங்கே இருந்தது, விரலால் அழுத்தினாலே நொறுங்கும் அப்பளம். யாரோ ஒரு புண்ணியவான் ஓட்டையை மூடியிருக்கிறார், நனைவதை நிறுத்தவில்லை. மேலேயும் கீழேயும் அடைத்ததால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிம்மதியாகத் தின்றிருக்கிறது.

இதைப் பார்த்த பிறகு வேலையின் வரிசையையே மாற்றினோம். தகடு வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, ஏன் வெளியேறவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் நாம் வைக்கிற புதுத் தகடும் நாலு மழைக்காலத்தில் அதே கதிதான். நான் டார்ச்சோடு உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டேன். வீட்டில் தம்பி வெளியே சொம்பால் தண்ணீரை ஒவ்வோர் இடமாக மெதுவாக ஊற்றினான். பானெட்டில் ஊற்றினால் ஒன்றுமில்லை. கதவு ரப்பரில் ஊற்றினால் கொஞ்சம் கசிவு. முன் கண்ணாடியின் கீழ் ரப்பர் மூலையில் ஊற்றியதும் ஒரு நூல் போலத் தண்ணீர் உள்பக்கத் தகட்டில் இறங்கி, ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த எண்ணெய் டின் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அது வெளியேறாத காரணமும் தெரிந்தது: தரையில் வடிய வேண்டிய துளைகளை அண்டர்கோட்டிங் அடைத்துவிட்டிருந்தது. கண்ணாடி ரப்பரைப் புதிதாகப் போட்டு, துளைகளைத் திறந்த பிறகு அதே சொம்புச் சோதனையை மறுபடி செய்தோம். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

அப்புறம் உப்பு. கடலோரத் துருவில் இருக்கிற வம்பு இதுதான். இரும்பு துரு பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் நன்றாக மின்சாரம் கடத்தும், துரு வேகமெடுக்கும். அதைவிட மோசம், குழிகளுக்குள் தங்கிய உப்பின் மேல் பெயின்ட் அடித்தால், அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் கிளப்பும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் மறுநாளே கறுப்புப் புள்ளிகள் வந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே தேய்த்தோம், கழுவினோம், காயவைத்தோம், திரும்பவும் அதையே செய்தோம். இங்கே மதுரைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். எங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். பிரஷர் வாஷுக்கு அது பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் கேன் வாங்கி ஸ்பிரேயரில் ஊற்றி அடித்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் புஷ் வைத்த பாடி மவுண்டுகள் இருக்கின்றன. அந்த இடுக்குதான் அழுக்கின் பெட்டகம். போல்ட்டுகள் அசையவில்லை. டீசலும் பழைய ஆயிலும் கலந்து சாயங்காலம் ஊற்றி ஊறவிட்டு, காலையில் கொஞ்சம் சூடு காட்டி, இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமாக நின்றதை வெட்டித்தான் எடுத்தோம். பாடியைத் தூக்கும் முன் ஸ்டீயரிங் இணைப்பு, பிரேக் பைப், பெட்ரோல் ஹோஸ், எர்த் ஒயர் எல்லாவற்றுக்கும் தளர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரு பக்கமாக ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்து இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்கினோம். உள்ளே இறுகிப்போன மண்ணைக் கிளறினால், அதில் கரிசல் ஒரு படலம், கடற்கரை மணல் ஒரு படலம், நடுவில் சின்னச் சின்னச் சிப்பி. வண்டி எங்கெங்கே போயிற்று என்று ஆர்.சி. புத்தகத்தைவிட அந்த மண் சொன்னது.

கரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. செம்மண் காய்ந்தால் உதிர்ந்துவிடும். கரிசல் உதிராது. சேஸிஸ் மூலையில் ஒட்டி மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நாள்கணக்கில் நிற்கும். மதுரை வறண்ட ஊர், இங்கே துரு பிடிக்காது என்று நம்பி இருப்பவர்கள் அந்தக் கட்டியை ஒரு தடவை உடைத்துப் பார்க்கலாம்.

வெட்டும் வேலைக்கு வருகிறேன். தரையையும் கதவுக்கு அடியில் ஓடும் பகுதியையும் வெட்டுவதற்கு முன், கதவு இருக்கும் வாசலில் குறுக்கே ஒரு சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பாடி லேசாகத் தொங்கி, வேலை முடிந்த பிறகு கதவு சாத்தாது. வெட்டும்போது பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும் வரை போய்விட வேண்டும். 'இது கொஞ்சம் தாங்கும்' என்று விட்ட ஓரத்தில் வெல்டிங் நிற்காது, ஊதி ஓட்டையாகும்.

தரைக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு, எடுத்தோம். 1.2 மில்லிமீட்டர். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் துருவே பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். அதில் வெல்டு வைத்தால் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக வரும். மூச்சில் போனால் ராத்திரி காய்ச்சல் நிச்சயம். அதோடு, துத்தநாகம் எரிந்து போவது சரியாக வெல்டிங் ஓரத்தில், அதாவது பாதுகாப்பு தேவைப்படுகிற அதே இடத்தில். சாதா ஷீட்டே போதும். அட்டையில் மாதிரி வெட்டி, ஷீட்டில் வரைந்து, பழைய தரையில் இருந்த மேடு பள்ளங்களை மரச் சுத்தியலால் அடித்துக் கொண்டுவந்தார் அண்ணன். அந்த மேடுகள் அழகுக்கு இல்லை, தகடு அதிராமல் இருக்கத்தான். தட்டையாக ஒரு தகட்டை ஒட்டினால் ஓடும்போது தகரக் கூரைச் சத்தம் வரும்.

ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை ஊதிவிடும். கேஸ் வெல்டிங் தகட்டைச் சுருக்கி வளைத்துவிடும். கரியமில வாயு மூட்டத்தில் கம்பி தானாக வந்து உருகும் சி.ஓ.டூ வெல்டிங்தான் இதற்குச் சரி, 0.8 மில்லிமீட்டர் கம்பியோடு. ஒரே இழுப்பாக இழுக்காமல், ஒரு மூலையில் ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, கையால் தொட்டுச் சூடு ஆறிய பிறகு அடுத்தது. தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் மேல் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு அந்தத் துளையை வெல்டால் நிரப்பினோம். இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்று படிகிற இடங்களுக்கு முன்கூட்டியே துத்தநாக பிரைமர். இணைத்த பிறகு அங்கே பிரஷ் போகாது.

சேஸிஸில் பின்பக்க ஷாக்கிள் ஹேங்கருக்கு முன்னால் ஓரிடம் மட்டும் அரித்திருந்தது. நல்லவேளை, ஹேங்கர் வெல்டு பிழைத்திருந்தது. நல்ல இடத்தில் துளை வழியாக வெர்னியர் விட்டுத் தடிமன் அளந்து, அதே தடிமனில் பிளேட் எடுத்தோம். இதில் அண்ணனுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். அவர் இன்னும் கனமான பிளேட்டைக் கேட்டார். ஆனால் ஓரிடம் மட்டும் விறைப்பாக இருந்தால், வளைவெல்லாம் அதன் ஓரத்தில் போய்ச் சேர்ந்து அங்கே விரிசல் விடும். பிளேட்டின் இரண்டு நுனியையும் நேர்கோட்டில் வெட்டாமல் சாய்வாக வெட்டியதும் அதற்காகத்தான். சட்டத்தை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெல்டு குறுக்கே கடந்தால், அந்தக் கோட்டிலேயே உடையும். கடைசியில் அண்ணன் ஒப்புக்கொண்டார், 'ஒடஞ்சா நீதான் பொறுப்பு' என்ற நிபந்தனையோடு. வேலைக்கு முன்னும் பின்னும் சேஸிஸின் மூலைவிட்டங்களை டேப்பால் அளந்தோம். மாறவில்லை.

சுரண்டி எடுக்க முடியாத நுண்குழிகளுக்கு ரஸ்ட் கன்வெர்டர், துருவையே வேறு பொருளாக மாற்றும் திரவம். செதிலாக உரியும் துருவின் மேல் அதைத் தடவுவது வீண், கம்பி பிரஷுக்குப் பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்குத்தான் அது மருந்து. பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட் ஆக்கும். டானின் உள்ளது கருநீலமாக மாற்றும். இந்த இரண்டாவது நம் ஊருக்குப் புதிதே இல்லை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து வருகிற அதே கறுப்பு இது. என்றாலும் சேஸிஸுக்குக் கடுக்காயைக் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம், கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கிறது. அமிலம் உள்ளதை அலச முடியாத இடுக்குகளில் ஊற்றாதீர்கள். மேலே அடிக்கப்போகிற பிரைமர் கன்வெர்டரோடு ஒத்துப்போகுமா என்று டப்பாவில் எழுதியிருக்கும், படித்துவிடுங்கள்.

சின்னச் சாமான்களுக்கு, அதாவது பிராக்கெட், கிளாம்ப் வகையறாவுக்கு, பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்து பேட்டரி சார்ஜர் வைத்தோம். சாமானுக்கு நெகட்டிவ், எதிரே தொங்கும் பழைய இரும்புக் கம்பிக்குப் பாசிட்டிவ். மறுநாள் துரு சேறாகத் தொட்டியில் கிடந்தது. அந்தக் கம்பிக்குப் பதில் எவர்சில்வர் போட்டுவிடக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் வைத்தோம், பக்கத்தில் பீடிக்குத் தடை.

பிரைமர் விஷயத்தில் நம் பட்டறைகளின் பழக்கம் ரெட் ஆக்சைடு. அது கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் சரி. ஆனால் அதில் ஈரம் ஊடுருவும், மேலே நல்ல பூச்சு இல்லாமல் தாங்காது. வண்டிக்கு அடியில் எபாக்சி பிரைமர்தான், இரண்டு டப்பா கலக்குவது. செலவு கூடத்தான். இதில் காலநிலையும் சேர்ந்து விளையாடும். ஐப்பசி, கார்த்திகையில் தேய்த்த இரும்பு சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். சித்திரை வெயிலிலோ இரும்பு கையை வைக்க முடியாத சூடு, கலந்த எபாக்சி டப்பாவிலேயே இறுகத் தொடங்கும், அடித்தாலும் ஊறிப் பிடிக்காது. மாசி, பங்குனிதான் தோது. அதிலும் காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடித்தோம்.

பிரைமர் காய்ந்ததும் எல்லா இணைப்பிலும் மேலேயும் கீழேயும் இடுக்கை அடைக்கும் பசையான பி.யூ. சீலன்ட். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இழுத்தால் ஓரம் சுத்தமாக உட்காரும். அதன் பிறகு டாப் கோட். கடைசியாகத்தான் அண்டர்கோட்டிங், அதுவும் சக்கரம் கல் தெறிக்கும் இடங்களில் மட்டும். மற்ற இடங்களை வெறும் பெயின்டோடு விட்டுவிட்டேன். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியட்டும்.

வெளியே இத்தனை செய்தாலும் பெட்டி போல மூடிய சேஸிஸ் சட்டத்துக்கு உள்ளே வெல்டிங் சூட்டில் பழைய பெயின்ட் எரிந்திருக்கும். அங்கே பிரஷ் போகாது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்பே பிரஷர் வாஷ் குழாயைத் துளைகளில் விட்டு, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும் வரை சட்டத்தின் உட்புறத்தை அலசியிருந்தோம். புளோயர் வைத்து நன்றாகக் காயவிட்டபின், நாலா பக்கமும் தூவும் நுனி வைத்த நீளக் குழாயால் கேவிட்டி வேக்ஸ் என்ற மெழுகை உள்ளே அடித்தோம். ஒரு துளையில் அடித்தால் அடுத்த துளையில் எட்டிப் பார்க்கும் வரை. வெயிலில் அது இளகி வடிந்துகொண்டே இருக்கும். ஷெட் தரையில் அட்டை விரித்திருக்கிறோம், வீட்டில் திட்டு குறைந்திருக்கிறது. வடிகிறதே என்று துளைகளுக்கு மூடி போட்டுவிடக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஷீட்டும் பிளேட்டும் மொத்தச் செலவில் சொற்பம். கூலியும் எபாக்சியும் வேக்ஸும்தான் இழுத்தன. எல்லாம் சேர்ந்து நான் டயருக்கு ஒதுக்கிய தொகையைத் தின்றுவிட்டது. அதனால் 205/70 டயரோடுதான் இந்த வருஷம் ஓட்டம். லிஃப்ட் கிட் வாங்கியாகிவிட்டது, அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

பின்கதவான டெயில் கேட்டின் கீழ் ஓரம் இன்னும் பாக்கி. கழற்றி வைத்துச் செய்யக்கூடிய சாமான் என்பதால் அது வண்டியை நிறுத்தி வைக்காது. சோடாத் தொட்டி காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்பக்க யூ-போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்பிரிங் பட்டைகளை இறக்குகிறோம். ஹேங்கர் வெல்டைச் சுற்றி மட்டும் இன்னொரு தடவை சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.